பழைய சிஸ்டத்திலிருந்து புதியதற்கு

இன்டர்நெட் எக்ஸ்புளோரரில் ‘ஃபேவரிட்ஸ்’ என்று நாம் சேமித்து வைத்தவை எல்லாம் ஹார்டு டிஸ்கில் ஒரு சாதாரண ஃபோல்டருக்குள் சின்னச் சின்ன ஃபைல்களாகக் கிடந்தன. விண்டோஸ் எக்ஸ்.பி.யில் ‘டாக்குமென்ட்ஸ் அண்ட் செட்டிங்ஸ்’ என்பதைத் திறந்து, நம் பெயருக்குள் போனால் அந்த ஃபோல்டர் இருக்கும். ஒரு தளத்துக்கு ஒரு ஃபைல். நோட்பேடில் திறந்தால் இரண்டு மூன்று வரி. அதில் ஒரு வரி தளத்தின் முகவரி. கம்ப்யூட்டர் மாற்றும்போது அந்த ஃபோல்டரை அப்படியே காப்பி எடுத்துப் போய்ப் புதியதில் அதே இடத்தில் ஒட்டினால் போதும், எல்லாம் வந்துவிடும்.

நெட்ஸ்கேப் வேறு வழியில் போனது. புக்மார்க் முழுவதையும் ஒரே எச்.டி.எம்.எல். ஃபைலில் எழுதி வைத்தது. அந்த ஃபைலின் அமைப்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் எதிலாவது புக்மார்க்கை எக்ஸ்போர்ட் செய்து, வந்த ஃபைலை நோட்பேடில் திறந்து பாருங்கள். முதல் வரியிலேயே நெட்ஸ்கேப்பின் பெயர் நிற்கும். அந்த உலாவிக்கான ஆதரவு 2008 மார்ச்சில் நிறுத்தப்பட்டது. ஆனாலும் அது வகுத்த வடிவத்தில்தான் இன்றைய உலாவிகள் ஒன்றுக்கொன்று புக்மார்க்கைக் கைமாற்றிக்கொள்கின்றன. ஒவ்வொரு புக்மார்க்கின் பக்கத்திலும் ஒரு நீண்ட எண் இருக்கும். 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட நொடிகளில், அந்தப் பக்கத்தை நாம் சேமித்த நேரம் அது. இத்தனை ஆண்டுகள் தாங்கிய அந்த எளிய வடிவத்தின் மேல் எனக்கு உண்மையிலேயே மரியாதை உண்டு.

மதுரையில் சின்ன அலுவலகங்களுக்கும் வீடுகளுக்கும் சிஸ்டம் சர்வீஸ் செய்வது என் தொழில். எக்ஸ்.பி. காலத்திலிருந்து இதில் இருக்கிறேன். ஃபார்மட் போடுவது, புது சிஸ்டம் மாற்றிக் கொடுப்பது இரண்டும் அன்றாட வேலை. வாடிக்கையாளருக்குப் புது மானிட்டரும் ராமும் பெரிதல்ல. “பழையபடி எல்லாம் இருக்கணும்” என்பதுதான் அவர் கேட்கும் ஒரே விஷயம். அந்தப் ‘பழையபடி’யில் பெரும்பகுதி பிரவுசரும் மெயிலும்தான்.

மெயிலில்தான் அன்று உயிரே போகும். நான் பார்த்த சின்ன அலுவலகங்களில் பெரும்பாலும் அவுட்லுக் எக்ஸ்பிரஸ்தான். ஒரு ஆடிட்டர் அலுவலகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்கெழுதும் அக்கா நாற்காலியை நகர்த்தி இடம் விட்டுவிட்டுப் பின்னாலேயே நிற்பார். “தம்பி, மெயில் ஒண்ணும் போயிடாதுல்ல?” “போகாதுக்கா.” அதைச் சொல்லிவிட்டுத்தான் தேடலே தொடங்கும். மெயில் இருக்கும் ஃபோல்டர் மறைத்து வைக்கப்பட்ட ஃபோல்டர்களுக்கு உள்ளே, நெளிவு அடைப்புக்குறிக்குள் நீளமான எண்ணும் எழுத்துமாக ஒரு பெயருக்கும் உள்ளே இருக்கும். நேரடியாகத் தேடிப் போனால் கண்டுபிடிப்பது சிரமம். டூல்ஸ், ஆப்ஷன்ஸ், மெயின்டனன்ஸ், ஸ்டோர் ஃபோல்டர் என்று போனால் ஒரு குட்டிப் பெட்டியில் பாதை தெரியும். பெட்டி சிறியது, பாதை நீளம், முழுதாகத் தெரியாது. உள்ளே கிளிக் செய்து, கடைசிவரை செலக்ட் செய்து, காப்பி எடுத்து, ஸ்டார்ட் மெனுவின் ‘ரன்’னில் ஒட்டி என்டர் தட்டினால் ஃபோல்டர் திறக்கும்.

உள்ளே ‘இன்பாக்ஸ்’, ‘சென்ட் ஐட்டம்ஸ்’ என்று ஒவ்வொன்றுக்கும் டி.பி.எக்ஸ். என முடியும் ஒரு ஃபைல். இவற்றோடு ‘ஃபோல்டர்ஸ்’ என்ற பெயரிலும் ஒன்று உண்டு. எந்த ஃபோல்டர் எதற்குள் இருக்கிறது என்ற வரிசை அதில்தான். அதை விட்டுவிட்டால் கட்சிக்காரர் வாரியாக அக்கா ஆண்டுக்கணக்கில் பிரித்து வைத்த ஒழுங்கு போய்விடும். மெயில் மட்டும் வந்தால் ஆயிற்றா? முகவரிப் புத்தகம் தனி ஃபைல். கணக்கு விவரங்களை ஐ.ஏ.எஃப். என்ற வகை ஃபைலாகத் தனியாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். இன்னாரிடமிருந்து வந்தால் இந்த ஃபோல்டருக்குப் போ என்று எழுதி வைத்த விதிகளும், கடிதத்தின் அடியில் வரும் கையொப்பமும் ரெஜிஸ்ட்ரியில் இருக்கும். ரெஜிஸ்ட்ரியிலிருந்து அந்தக் கிளையை எடுத்து, நோட்பேடில் பழைய அடைப்புக்குறி எண்ணை நீக்கி, புதிய சிஸ்டம் தந்த எண்ணை அங்கே போட்டுப் பிறகு சேர்க்க வேண்டும். ஒரு எழுத்து தவறினாலும் ஒன்றும் நடக்காது.

பென் டிரைவ் விலை கூடுதலாக இருந்த காலத்தில் சி.டி.யில் எழுதிக் கொண்டுபோவோம். சி.டி.யிலிருந்து எடுத்த ஃபைல்களில் ‘ரீட் ஒன்லி’ என்ற அடையாளம் பல நேரம் ஒட்டிக்கொண்டு வரும். அதை எடுக்காமல் இறக்கினால் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் திறக்க மறுக்கும். இன்பாக்ஸ் ஃபைல் 2 ஜி.பி.யை நெருங்கியிருந்தால் கவலை இன்னும் கூடும். அந்த எல்லையைத் தொட்ட ஃபைல் கெட்டுப்போவது சாதாரணம்.

எல்லாம் முடிந்து கிளம்பியபின் வரும் சிக்கல்தான் விசித்திரமானது. அன்றைய மெயில் பாப் முறையில் வந்தது. சர்வரில் இருக்கும் கடிதத்தை இறக்கிக்கொண்டு, சர்வரிலிருந்து அழித்துவிடும். காப்பி விட்டுவை என்று தனியாக டிக் செய்தால்தான் அங்கே தங்கும். பழைய சிஸ்டத்தைத் தூக்கிப் போட மனமில்லாமல் “டைப்பிங்குக்கு ஆகும்” என்று மூலையில் வைத்திருப்பார்கள். அதில் அவுட்லுக் எக்ஸ்பிரஸ் திறந்தே இருக்கும். 30 நிமிடத்துக்கு ஒருமுறை சர்வரைத் தட்டி, வந்ததை வாரிக்கொள்ளும். புதிய சிஸ்டத்தில் பாதிக் கடிதம், பழையதில் பாதி. “முக்கியமான மெயில் வரவே இல்லை” என்று இரண்டு நாள் கழித்து போன் வரும். எத்தனையோ இடங்களில் இதைப் பார்த்திருக்கிறேன். அனுப்பியவர் பொய் சொல்கிறார் என்று சண்டை வரைக்கும் போன இடங்களும் உண்டு.

பெரிய அவுட்லுக் வைத்திருந்தவர்களுக்கு வேறு இழப்பு. 2003, 2007 பதிப்புகளில் பெறுநர் இடத்தில் இரண்டு எழுத்து அடித்தாலே முழு முகவரியும் வந்து நிற்கும். அதையே முகவரிப் புத்தகம் என்று நம்பியிருந்தவர்கள் ஏராளம். அந்த நினைவு என்.கே.2 என்ற ஒரு சின்னஞ்சிறு ஃபைலில் இருந்தது. எல்லா மெயிலும் பத்திரமாக வந்திருக்க, அந்த ஒன்று வராவிட்டால் போதும். வாடிக்கையாளர் கண்ணுக்கு எல்லாமே போய்விட்ட மாதிரிதான். 2010 பதிப்பிலிருந்து அது மெயில்பெட்டிக்குள்ளேயே சேர்ந்துவிட்டது, பெரிய நிம்மதி.

தமிழில் மெயில் எழுதியவர்களுக்கு இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒரு வேலை இருந்தது. யூனிகோடு பரவுவதற்கு முன் ஆளுக்கொரு குறியாக்கம். உலகத் தமிழர்களின் மடலாடல்களில் டிஸ்கி, தமிழ்நாட்டு அரசு 1999-இல் ஏற்ற டாப், டாம், ஈழத்திலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி. டிஸ்கி மடலைப் படிக்க எழுத்துருவை நிறுவினால் மட்டும் ஆகாது. உலாவியில் என்கோடிங்கை ‘யூசர் டிஃபைன்டு’ என்று மாற்றி, அதற்குரிய எழுத்துருவாக டிஸ்கியைக் காட்ட வேண்டும். அவுட்லுக் எக்ஸ்பிரஸில் அதே வேலையைத் திரும்ப ஒருமுறை. சிஸ்டம் மாறியதும் இந்த ஏற்பாடு எதுவும் கூட வராது. மடல்கள் பத்திரமாக வந்திருக்கும், திறந்தால் ஐரோப்பிய உச்சரிப்புக் குறிகளின் குவியல். பாமினியில் எழுதிய மடலோ வெறும் ஆங்கில எழுத்தாகத் தெரியும். ‘அம்மா’ என்று எழுதியது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்று கிடக்கும். தெரியாதவர்கள் வைரஸ் என்று நினைத்து அழித்திருக்கிறார்கள்.

யூனிகோடு வந்தபின்னும் உடனே விடியவில்லை. விண்டோஸ் 2000-இல் லதா எழுத்துருவோடு தமிழ் வந்தது. ஆனால் எக்ஸ்.பி.யில் சிக்கலான எழுத்து முறைகளுக்கான ஆதரவைத் தனியாக டிக் செய்து நிறுவ வேண்டும். செய்யாவிட்டால் கொம்பும் காலும் எழுத்தைவிட்டுப் பிரிந்து நிற்கும். டிக் செய்தவுடன் எக்ஸ்.பி. சி.டி.யைப் போடு என்று கேட்கும். அந்த சி.டி. யாரிடம் இருந்தது? சர்வீஸ் ஆள் பையில்தான். இன்று ஒரு புது லேப்டாப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து, ஒரு சொடுக்கும் இல்லாமல் தமிழ் மடலைப் படிக்கிறோம். கடந்த இருபதாண்டுகளில் இந்தத் துறையில் நடந்த நல்லவற்றில் இதற்குத்தான் நான் முதலிடம் கொடுப்பேன்.

மைக்ரோசாஃப்ட் இந்தப் பாட்டைக் குறைக்க முயலாமல் இல்லை. எக்ஸ்.பி.யோடு 2001-இல் ஒரு மாற்றல் வழிகாட்டி தந்தது. விஸ்டாவில் அது ‘ஈஸி டிரான்ஸ்ஃபர்’ ஆனது. விண்டோஸ் 10 வந்தபோது அதையே எடுத்துவிட்டார்கள். அதற்குள் சுமக்க வேண்டியவை பெரும்பாலும் கம்ப்யூட்டரைவிட்டு வெளியே போயிருந்தன.

அந்த வெளியேற்றம் மெயிலில்தான் தொடங்கியது. கடிதம் சர்வரிலேயே இருக்கட்டும், கம்ப்யூட்டர் அதை எட்டிப் பார்த்தால் போதும் என்ற ஐமேப் முறையை ஸ்டான்ஃபோர்டில் மார்க் கிறிஸ்பின் 1986-இலேயே உருவாக்கிவிட்டார். ஆனால் சர்வரில் இடம் இருந்தால்தானே? ஹாட்மெயில் தந்தது 2 எம்.பி. 2004 ஏப்ரல் 1 அன்று ஜிமெயில் 1 ஜி.பி. என்று அறிவித்தபோது பலர் அதை முட்டாள்கள் தின விளையாட்டு என்றே எடுத்துக்கொண்டார்கள். 2007 அக்டோபரில் ஜிமெயில் ஐமேப்பையும் கொடுத்தது. பழைய சிஸ்டமும் புதியதும் மடலுக்குப் போட்டி போடுவது அதோடு முடிந்தது.

உலாவியில் மொசில்லா ஆய்வகம் 2007 டிசம்பரில் ‘வீவ்’ என்ற சோதனையைத் தொடங்கியது. 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4-இல் அது ‘சிங்க்’ என்று உள்ளேயே வந்தது. அப்போது புதிய கம்ப்யூட்டரில் நான்கு நான்காக மூன்று தொகுதி எழுத்துகள் தோன்றின. அவற்றைப் பழையதில் அடித்ததும் இரண்டும் கைகோத்துக்கொண்டன. குரோம் 2010 ஜனவரியில் விண்டோஸ் பயனர்களுக்கு புக்மார்க் ஒத்திசைவைக் கொடுத்தது. இடையில் எக்ஸ்மார்க்ஸ் என்று ஒரு சேவை, வெவ்வேறு உலாவிகளுக்கு இடையே புக்மார்க்கை நிகழ்நிலையில் ஒத்துப்போகச் செய்தது. 2018 மே 1-இல் அதை மூடிவிட்டார்கள். ஒரே நிறுவனத்தின் உலாவிக்குள் சுற்றி வருவது எளிதாகிப்போனதால் அதற்கு ஆள் குறைந்திருக்கலாம். வேலி தாண்ட உதவிய ஒன்று போனதில் எனக்கு வருத்தமே.

இன்று ஒரு சிஸ்டம் மாற்றம் எப்படி நடக்கிறது? விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்ததையொட்டிப் பழைய கம்ப்யூட்டர்களைப் பலர் மாற்ற வேண்டியதாயிற்று. விண்டோஸ் 11 கேட்கும் டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி பழையவை பலவற்றில் இல்லை. குரோமைத் திறந்து கணக்கில் நுழைந்தால் புக்மார்க், பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் எல்லாம் டீ குடித்துவிட்டு வருவதற்குள் வந்து நிற்கின்றன. ஃபோல்டரைத் தேட வேண்டாம், ரெஜிஸ்ட்ரியைத் தொட வேண்டாம். வீட்டில் தனியாக இருக்கும் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை யாரையும் கூப்பிடாமல் தானே மாற்றிக்கொள்கிறார். முன்பு இதற்காக ஒரு அலுவலகம் அரை நாள் முடங்கும். அந்தக் காலம் திரும்ப வேண்டும் என்று நான் ஒருபோதும் நினைக்க மாட்டேன்.

ஆனால் உள்ளே நுழையும் அந்த ஒரு படியில் இப்போது எல்லாப் பாரமும் வந்து நிற்கிறது. பாஸ்வேர்டு கேட்கிறது, பிறகு போனுக்குக் குறியீடு வருகிறது. போன் மகன் கையில், மகன் பெங்களூரில். அன்று சர்வீஸ் ஆளின் கையில் சி.டி. இருந்தால் வேலை நடந்தது. இன்று மெயிலின் சொந்தக்காரரும் அவர் போனும் பக்கத்தில் இருந்தால்தான் நடக்கும். பாதுகாப்புக்கு இது நல்லது என்பதில் சந்தேகமில்லை. அன்று ஐ.ஏ.எஃப். ஃபைலை எவர் எடுத்துப் போனாலும் அந்த அலுவலகத்தின் மெயில் அவர் கைக்குப் போகும். இன்று குரோமின் ஃபோல்டரை அப்படியே காப்பி அடித்துப் போனாலும் பாஸ்வேர்டு திறக்காது. அது அந்த விண்டோஸ் கணக்கோடு பூட்டப்பட்டிருக்கிறது.

பழைய மென்பொருளை விடாமல் வைத்திருப்பவர்கள் இதில் தனியாக அடிபடுகிறார்கள். வெறும் பாஸ்வேர்டை மட்டும் வைத்து வேறு மென்பொருள் நுழைவதைத் தனிநபர் கணக்குகளுக்கு கூகுள் 2022 மே 30-இல் நிறுத்தியது. அவுட்லுக் 2010 வைத்திருக்கும் கடைக்காரருக்குப் பாஸ்வேர்டு பெட்டி திரும்பத் திரும்ப வரும். சரியாகத்தான் அடிப்பார், மறுபடியும் வரும். இரண்டு படி சரிபார்ப்பை இயக்கி, ‘ஆப் பாஸ்வேர்டு’ என்று பதினாறு எழுத்து ஒன்றை உருவாக்கி அதைக் கொடுத்தால் வேலை செய்யும். இதை அவராகக் கண்டுபிடிப்பார் என்று எப்படி எதிர்பார்ப்பது?

பாஸ்வேர்டே வேண்டாம் என்று வந்திருக்கும் பாஸ்கீயை ஒரு நிறுவனத்தின் பெட்டகத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது இன்னும் குழந்தைப் பருவத்தில் இருக்கிறது. அதற்கான பொது நெறிமுறையின் வரைவை ஃபைடோ கூட்டமைப்பு 2024 அக்டோபரில்தான் வெளியிட்டது.

இன்னொன்றை எல்லா வாடிக்கையாளரிடமும் சொல்கிறேன். சிங்க் என்பது பேக்கப் அல்ல. போனில் ஒரு புக்மார்க் ஃபோல்டரைத் தெரியாமல் அழித்தால், அதைவிட வேகமாக வீட்டு லேப்டாப்பிலும் அலுவலக சிஸ்டத்திலும் அது அழிந்துவிடும். ஃபயர்ஃபாக்ஸ் மட்டும் ஒரு நல்ல காரியம் செய்கிறது. புக்மார்க்கின் பழைய நகல்களைத் தன் ஃபோல்டருக்குள் 15 வரை வைத்துக்கொள்கிறது. குரோம் வைத்திருப்பவர்கள் அந்த எச்.டி.எம்.எல். ஃபைலை அவ்வப்போது எடுத்து வைத்துக்கொள்ள வேண்டியதுதான். கூகுளின் ‘டேக்அவுட்’ 2011-இல் வந்தது, 2013 இறுதியில் ஜிமெயிலும் அதில் சேர்ந்தது. மொத்த மெயிலையும் எம்பாக்ஸ் வடிவில் தந்துவிடும். 1970-களின் யூனிக்ஸிலிருந்து வரும் வடிவம் அது. தண்டர்பேர்டு திறக்கும், நோட்பேடும் திறக்கும். கதவு திறந்தேதான் இருக்கிறது, போகிறவர்தான் குறைவு. அன்று வேறு வழியில்லாமல் எல்லோரிடமும் ஒரு பேக்கப் சி.டி. இருந்தது. இன்று தேவையில்லை என்றதும் அந்தப் பழக்கம் போய்விட்டது. இது எனக்கு உண்மையான கவலை.

அந்தக் கவலைக்குக் காரணம் இரண்டு குடும்பங்கள். முதல் வீட்டில் இறந்துபோன அப்பாவின் எக்ஸ்.பி. கம்ப்யூட்டர் பரணில் கிடந்தது. மதர்போர்டு செத்துவிட்டது. ஹார்டு டிஸ்கைக் கழற்றி யு.எஸ்.பி. உறையில் மாட்டினேன், டி.பி.எக்ஸ். ஃபைல்கள் அப்படியே இருந்தன. பாஸ்வேர்டு எதுவும் கேட்கவில்லை. அதற்கென்று இருக்கும் ஒரு சிறு இலவசக் கருவியால் கடிதங்களைத் தனித்தனியாகப் பிரித்து, பாமினியில் இருந்தவற்றை யூனிகோடுக்கு மாற்றித் தண்டர்பேர்டில் போட்டுக் கொடுத்தேன். கனடாவில் இருந்த அண்ணனோடு அவர் நடத்திய கடிதப் போக்குவரத்து முழுவதும் அதில் இருந்தது.

இரண்டாவது வீட்டில் எல்லாம் மேகத்தில் இருந்தது. அந்த வீட்டுப் பெரியவர் இறந்த பிறகு அவருடைய சிம்மை யாரும் ரீசார்ஜ் செய்யவில்லை. எண் வேறொருவருக்குப் போய்விட்டது. பாஸ்வேர்டு யாருக்கும் தெரியாது. லேப்டாப் நன்றாக இருந்தது, ஆனால் புதிதாக ஃபார்மட் போட்டுப் பேத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. இரண்டாண்டு பயன்படுத்தாத கணக்கை நீக்கலாம் என்ற விதியை கூகுள் 2023 டிசம்பரிலிருந்து நடைமுறைப்படுத்துகிறது.

அதே கூகுள் கணக்கில் செயல்படாத கணக்கை நிர்வகிக்க ஒரு பக்கம் 2013-இலிருந்து இருக்கிறது. எத்தனை மாதம் நாம் நுழையாவிட்டால் யாருக்குத் தகவல் போக வேண்டும், அவர் மெயிலை எடுத்துக்கொள்ளலாமா, படங்களை எடுத்துக்கொள்ளலாமா என்று அதில் எழுதி வைக்கலாம். பத்துப் பேர் வரை சேர்க்கலாம். காத்திருக்கும் காலம் 3 மாதத்திலிருந்து 18 மாதம் வரை நம் விருப்பம். புது சிஸ்டம் மாற்றிக் கொடுக்கும்போது, உலாவி, மெயில், பிரின்டர் எல்லாம் முடிந்தபின் இந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுகிறேன். “இப்ப எதுக்கு இதெல்லாம்?” என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. போன மாதம் ஒரு மளிகைக் கடைக்காரர் மனைவியையும் இளைய மகளையும் சேர்த்தார். காலத்தை 6 மாதம் என்று வைத்தார். ஆறு மாதம் மெயில் பார்க்காமல் இருந்துவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். முன்கூட்டியே அவருக்கே எச்சரிக்கை வரும் என்று சொன்னேன். பத்து நிமிடம் ஆனது. பில்லில் இதற்குக் காசு போடுவதில்லை.